யாரை மன்னிப்பது?

கோவென்ட்ரி நகரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1940 நவம்பர் 14 இரவிலிருந்துதான் தொடங்குவார்கள். பளிச்சென்ற நிலா வெளிச்சம், நூற்றுக்கணக்கில் ஜெர்மானிய விமானங்கள், விடிய விடிய பதினோரு மணி நேரம் குண்டுவீச்சு, 568 பேர் மரணம், காலையில் கூரையில்லாமல் புகைந்துகொண்டிருந்த பேராலயம். பயணக் கையேட்டிலும் ஆவணப்படத்திலும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கும். எனக்கு அந்தத் தொடக்கத்தின் மீது ஒரு சந்தேகம் உண்டு. ஓர் ஊரின் கதையை எதிரியிடமிருந்து தொடங்கினால், அந்த ஊர் தனக்குத்தானே செய்துகொண்டது எதுவும் கதைக்குள் வராது. ஆகவே நான் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

ஊரின் நடுவே புட்சர் ரோ என்று ஒரு தெரு இருந்தது. பெயரே சொல்வதுபோல, கசாப்புக் கடைக்காரர்களின் பழைய தெரு. மரச்சட்டம் போட்டுக் கட்டிய இடைக்கால வீடுகள், மேல்மாடிகள் தெருவுக்குள் துருத்திக்கொண்டு எதிர்வீட்டை எட்டிப் பார்க்கும். 1936-37இல் அதை நகராட்சியே இடித்தது. கார்கள் போக அகலமான சாலை வேண்டும் என்று அங்கே டிரினிடி ஸ்ட்ரீட்டைப் போட்டார்கள். வானத்தில் எந்த விமானமும் இல்லை. ஹிட்லருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோவென்ட்ரி சும்மா அழகு பார்க்கும் ஊரல்ல, தொழில் நகரம். முதலில் ரிப்பன் நெசவு, பிறகு கடிகாரம், அதன் பிறகு சைக்கிள், கடைசியில் கார், விமான இஞ்சின். இன்று நாம் ஓட்டுகிற சைக்கிளின் வடிவம் 1885இல் இந்த ஊரில் செய்த ரோவர் சைக்கிளிலிருந்து வந்தது. 1901இல் சுமார் 70,000 பேர் இருந்த ஊர், 1939க்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடைக்காலத்துச் சந்துகளுக்குள் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் வந்துபோனார்கள். 1937இல் தொழிற்கட்சி நகராட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு நகருக்கென்று முதல்முறையாக ஒரு கட்டடக் கலைஞரை நியமித்தது. டொனால்ட் கிப்சன், அப்போது முப்பது வயதை ஒட்டிய இளைஞர். அவரும் அவருடைய அலுவலகத்து இளைஞர்களும் 1940 மே மாதம் ‘நாளைய கோவென்ட்ரி’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். திறந்த வெளிகள், ஒழுங்கான கட்டடங்கள், நெரிசல் இல்லாத ஒரு நகர மையம்.

தேதியைக் கவனியுங்கள். மே மாதம் வரைபடம், நவம்பரில் குண்டு.

குண்டு விழுந்த சில வாரங்களிலேயே கிப்சன் ஓர் உரையில் இந்த அழிவைக் காட்டுத்தீயோடு ஒப்பிட்டார். எரிந்த காட்டில் புதிய வளம் துளிர்ப்பதுபோல இந்தத் தீமையிலிருந்தும் நல்லது விளையலாம் என்பது அவர் கருத்து. பிணங்கள் புதைக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாதபோது அப்படிப் பேசியது இன்று படிக்கையில் உறுத்துகிறது. ஆனால் அவரைக் குரூரமானவர் என்று நான் சொல்லமாட்டேன். இருட்டும் ஈரமுமான சந்துகளில் குடியிருந்தவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர். 1941 பிப்ரவரியிலேயே நகராட்சி அவருடைய திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஏப்ரலில் மறுபடியும் குண்டுவீச்சு வந்து இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். திட்டம் அப்படியே நின்றது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இடிக்க வேண்டும் என்ற ஆசை குண்டுக்கு முன்பே அந்த ஊருக்குள் இருந்தது. குண்டு அந்த ஆசைக்கு அனுமதி கொடுத்தது.

*

இப்போது பேராலயத்துக்கு வருவோம். அதைப் பார்க்காமல் கோவென்ட்ரியைப் பேச முடியாது. சும்மா சொல்லக் கூடாது, போருக்குப் பிறகு ஐரோப்பாவில் எழுந்த சமயக் கட்டடங்களில் அது முக்கியமான ஒன்று.

புனித மிக்கேல் ஆலயம் நூற்றாண்டுகளாக ஒரு பங்குக் கோவில்தான், பேராலயம் என்ற தகுதி 1918இல் வந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து எரிந்துபோனது. வெளிச்சுவர்களும், 295 அடி உயரமுள்ள ஊசிக்கோபுரமும் மட்டும் மிஞ்சின. மறுநாள் காலையிலேயே, இதைத் திரும்பக் கட்டுவோம் என்று ஆலயத்தின் தலைவர் ரிச்சர்ட் ஹோவர்ட் முடிவெடுத்தார். கொத்தனார் ஜாக் ஃபோர்ப்ஸ் எரிந்த கூரையின் இரண்டு உத்தரங்களைச் சிலுவையாகக் கட்டி நிறுத்தினார். இடிபாட்டிலிருந்து பொறுக்கிய இடைக்காலத்து ஆணிகள் மூன்றைச் சேர்த்து இன்னொரு சிலுவை செய்யப்பட்டது. அந்த ஆணிச் சிலுவையின் நகல்கள் இன்று உலகத்தின் பல ஊர்களில் இருக்கின்றன.

கட்டுவது என்றால் எப்படிக் கட்டுவது? இங்கேதான் விவாதம். முதலில் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் ஒரு வடிவம் கொடுத்தார். அது எடுபடவில்லை, 1947இல் விலகிவிட்டார். பிறகு ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. இருநூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 1951இல் பேசில் ஸ்பென்ஸ் தேர்வானார். இடிபாட்டைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்குச் செங்குத்தாக, அதன் பக்கத்திலேயே புதியதைக் கட்டுவது அவர் யோசனை. இரண்டையும் ஓர் உயரமான முகமண்டபம் இணைக்கும். இதனால் பலிபீடம் வழக்கம்போல் கிழக்கில் அமையாமல் வடக்கே போய்விட்டது. சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் கிறிஸ்தவக் கோவில் மரபில் திசையை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமல்ல. இடிபாட்டுக்காக அதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் போனபோது கூட வந்த நண்பர் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, மில்லு மாதிரி இருக்கு? இதுக்கா டிரெயின் புடிச்சு வந்தோம்?” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. செம்மணற்கல்லில் மடிப்பு மடிப்பாக, மொட்டையாக நிற்கிற சுவர். உள்ளே போய் முதலில் பார்த்தாலும் அப்படித்தான். எதிரே சுமார் 23 மீட்டர் உயரத்தில் கிரஹாம் சதர்லேண்டின் பச்சைப் பின்னணியிட்ட கிறிஸ்து, பிரான்சில் நெய்யப்பட்ட மாபெரும் திரைச்சித்திரம். அந்தக் கிறிஸ்துவின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் பொடியாக ஒரு மனிதன் நிற்கிறான். பக்கச் சுவர்களில் வெறும் கல். வண்ணக் கண்ணாடி எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. பலிபீடம் வரைக்கும் நடந்து திரும்பினால்தான் தெரிகிறது, பத்து நெடிய ஜன்னல்களும் பலிபீடத்தைப் பார்த்தே திறந்திருக்கின்றன என்று. வாசலிலிருந்து வருகிறவர் கண்ணில் ஒன்றுகூடப் படாது. நண்பர் திரும்பிப் பார்த்து, “அட, இதெல்லாம் இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு!” என்றார். ஸ்பென்ஸுக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைத்திருக்காது.

திரும்பும்போது இன்னொன்றும் தெரிகிறது. வாசல் பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஜான் ஹட்டன் அதில் புனிதர்களையும் தேவதூதர்களையும் செதுக்கியிருக்கிறார், எலும்பும் தோலுமாய், காற்றில் பறப்பதுபோல. அவர்கள் ஊடாக இடிபாடு தெரிகிறது. வழிபாடு முடிந்து திரும்புகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வெளியே போகவேண்டும். காயத்தை மூடாமல் கட்டடத்தின் ஜன்னலாகவே ஆக்கிவிட்டார். இந்தப் பேராலயத்தின் சாதனை இதில்தான் இருக்கிறது. சதர்லேண்டின் திரையும், எப்ஸ்டைனின் வெண்கல மிக்கேலும், பைப்பரின் ஞானஸ்நான ஜன்னலும் தனித்தனியாகப் பெரிய படைப்புகள்தான். ஆனால் இடிபாட்டை எடுத்துவிட்டால் இந்தக் கட்டடம் நல்ல கலைப்பொருட்கள் வைத்த ஒரு மண்டபமாகிவிடும். எப்ஸ்டைன் ஒரு யூதர் ஆயிற்றே என்று குழுவில் ஒருவர் தயங்கியபோது, இயேசுவும் யூதர்தானே என்று ஸ்பென்ஸ் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து நவீனர்களுக்கு இந்தக் கட்டடம் பழைமையாகத் தெரிந்தது, பழைமைவாதிகளுக்கு நவீனமாகத் தெரிந்தது. இருவரும் அதைத் தனியாக வைத்துப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கும் ஊருக்குள் எதிர்ப்பு இருந்தது. 1954இல் நகராட்சியே அரசிடம் போய், பேராலயத்துக்கு இப்போது கட்டட உரிமம் தராதீர்கள், வீடுகளும் பள்ளிகளும் முதலில் வேண்டும் என்று கேட்டது. அமைச்சர் டேவிட் எக்கிள்ஸ் மறுத்து உரிமம் தந்தார். வீடில்லாதவர்கள் வரிசையில் காத்திருக்கும்போது கோவில் எதற்கு என்ற கேள்வியை நாத்திகம் என்று ஒதுக்கமுடியாது. இன்று பார்க்கும்போது அமைச்சர் செய்தது சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்று வரிசையில் நின்றிருந்தால் நானும் நகராட்சி பக்கம்தான் நின்றிருப்பேன்.

*

இடிபாட்டில், பழைய பலிபீடத்துக்குப் பின்னால் சுவரில் 1948இல் ஹோவர்ட் இரண்டு சொற்களைப் பொறித்தார். தமிழில் ‘பிதாவே, மன்னியும்’. சிலுவையில் இயேசு சொன்னதாக வருகிற வாக்கியத்தில் யாரை என்பதற்கு ஒரு சொல் உண்டு. ஹோவர்ட் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டார். ‘இவர்களை’ என்று எழுதியிருந்தால் மன்னிக்கிறவன் ஒரு பக்கம், குற்றவாளி மறுபக்கம் என்று ஆகியிருக்கும். நம் கை சுத்தம் என்றும் ஆகியிருக்கும்.

கை சுத்தமில்லை என்பதற்கு வரலாறு சாட்சி. ஜெர்மானியப் பிரச்சாரகர்கள் கோவென்ட்ரியின் பெயரை ஒரு வினைச்சொல்லாக்கினார்கள். ஓர் ஊரைத் தரைமட்டமாக்குவது என்று அதற்குப் பொருள். பிரிட்டிஷ் விமானப் படையினர் அந்த வினைச்சொல்லை இலக்கணத்தோடு கற்றுக்கொண்டார்கள். தீக்குண்டையும் வெடிகுண்டையும் எப்படிக் கலந்து போட்டால் தீயணைப்பு செயலிழக்கும் என்பதற்கான பாடங்களில் கோவென்ட்ரியும் ஒன்று. 1943 ஜூலையில் ஹாம்பர்க், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன், சுமார் 25,000 பேர். 568 என்ற எண்ணை இவற்றின் பக்கத்தில் வைத்துத்தான் அந்த இரண்டு சொற்களைப் படிக்கவேண்டும்.

கோவென்ட்ரி இதை வார்த்தையோடு விட்டுவிடவில்லை. 1959இல் டிரெஸ்டனோடு சகோதர நகர உறவு. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானிய இளைஞர்கள் வந்து இடிபாட்டின் ஒரு பகுதியைச் சர்வதேச மையமாக மாற்றிக் கொடுத்தார்கள். 1965இல் இங்கிருந்து இளைஞர்கள் போய் டிரெஸ்டனில் குண்டுபட்ட ஒரு மருத்துவமனையைக் கட்ட உதவினார்கள். 1962 மே 25இல் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து பெஞ்சமின் பிரிட்டனின் ‘போர் ரெக்வியம்’ அங்கே அரங்கேறியது. ஓர் ஆங்கிலேயர், ஒரு ஜெர்மானியர், ஒரு ரஷ்யப் பெண் மூன்று பேரும் சேர்ந்து பாடவேண்டும் என்பது பிரிட்டனின் விருப்பம். சோவியத் அரசு கலீனா விஷ்னெவ்ஸ்கயாவுக்கு அனுமதி மறுத்துவிட்டது. ஹெதர் ஹார்ப்பர் சில நாட்களில் பாடம் பண்ணி வந்து பாடினார். சமாதானத்துக்கென்று எழுதிய இசையிலும் அரசியல் ஓர் இடத்தைக் காலியாக்கிப் பார்த்தது.

இவ்வளவும் பெரிய விஷயங்கள். இருந்தாலும் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. இவை எல்லாமே தூரத்தில் இருக்கிறவனோடு செய்துகொண்ட சமரசம். சர்ச்சில் முன்கூட்டியே தெரிந்திருந்தும், சங்கேத ரகசியத்தைக் காப்பாற்ற ஊரைப் பலிகொடுத்தார் என்று 1974இல் வின்டர்பாதம் எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு கதை கிளம்பியது. தாக்குதல் எந்த ஊருக்கு என்பது சர்ச்சிலுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் அதை மறுத்துவிட்டார்கள். ஆனாலும் கதை சாகவில்லை. காரணம் இருக்கிறது. பெர்லினில் ஒரு வில்லன், லண்டனில் ஒரு வில்லன் என்று இருந்தால், ஊருக்குள் தேடவேண்டியதில்லை.

*

பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில் பிரிசிங்ட் என்ற கடைவீதி. கிப்சனின் கனவு. கார் நுழையாமல் மனிதர்கள் மட்டும் நடக்கிற கடைவீதியை 1940களிலேயே யோசித்தவர் அவர். செஸ்டர் நகரின் பழைய இரண்டடுக்குக் கடைவரிசைகளைப் பார்த்து, மேலும் கீழுமாகக் கடைகள் வைத்தார். கடைவாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று வியாபாரிகள் பயந்தார்கள். கீழ்க்கோடியில் நின்று பார்த்தால் வீதியின் நேர்கோட்டில் புனித மிக்கேலின் ஊசிக்கோபுரம் தெரியும்படி அமைத்திருக்கிறார். இந்த ஒன்றுக்காகவே அவரைப் பாராட்டலாம்.

ஆனால் பழைய ஊரிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பார்வைக்கோட்டை மட்டும்தான். குண்டுக்குத் தப்பிய மரச்சட்ட வீடுகளில் கணிசமானவை 1950களிலும் 60களிலும் நகராட்சி கையால் போயின. மிஞ்சியவற்றில் சிலவற்றைக் கழற்றிக் கொண்டுபோய் 1960களின் இறுதியிலிருந்து ஸ்பான் ஸ்ட்ரீட்டில் வரிசையாக நட்டுவைத்தார்கள். இன்று அந்தத் தெரு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, மதுக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாக. ஆனால் அங்கே நிற்கிற சில வீடுகளுக்கு அது சொந்தத் தெருவல்ல. 1974இல் முடிந்த ரிங் ரோடு அந்தத் தெருவையே இரண்டாக வெட்டுகிறது. கவிஞர் ஃபிலிப் லார்கின் 1922இல் பிறந்தது கோவென்ட்ரியில். அவர் சிறுவயதில் வளர்ந்த வீடு குண்டுகளுக்குத் தப்பியது. ரிங் ரோட்டுக்குத் தப்பவில்லை.

இப்போது இன்னொரு சுற்று. 2018இல் பிரிசிங்ட்டின் சில கட்டடங்கள் பாதுகாக்கவேண்டிய பட்டியலில் சேர்ந்தன. அதே நகர மையத்தின் தென்பகுதியில், போருக்குப் பின் கட்டிய புல் யார்டு போன்ற இடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அன்று கிப்சன் பழையதைப் பற்றிச் சொன்ன அதே காரணங்கள்தான் இன்று கிப்சனின் காலத்தைப் பற்றிச் சொல்லப்படுகின்றன: மங்கலாக இருக்கிறது, காலத்துக்கு ஒவ்வாது, மக்களுக்கு நல்லது வேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் நல்லெண்ணத்தை இடித்துத் தன் நல்லெண்ணத்தைக் கட்டுகிறது.

கட்டடம் போகட்டும். மனிதர்களுக்கு வருவோம். 1950களிலிருந்து இந்த ஊரின் ஆலைகளுக்கும் வார்ப்படக் கூடங்களுக்கும் பஞ்சாபிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஃபோல்ஸ்ஹில் பகுதி அவர்களுடையதானது. 1970களின் கடைசியில் கார் ஆலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. 1981 ஏப்ரலில், இதே நகர மையத்தில், பட்டப்பகலில், இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரை இனவெறிக் கும்பல் கொன்றது. அவருக்கு இருபது வயது. உலகத்துக்கே சமரசம் சொல்லிக்கொடுத்த ஊர். பேராலயம் திறந்து பத்தொன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த ஆண்டு கோடையில் இங்கிலாந்து முழுக்க ஒலித்த பாட்டு ‘கோஸ்ட் டவுன்’. பாடியது கோவென்ட்ரியின் ‘தி ஸ்பெஷல்ஸ்’, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழு. எழுதியவர் ஜெர்ரி டாமர்ஸ். அவர் பிறந்தது 1955இல் நம் ஊட்டியில். அப்பா ஆங்கிலிக்கன் பாதிரியார், பின்னாளில் இதே கோவென்ட்ரிப் பேராலயத்தில் கேனனாக இருந்தவர். கொலைக்குப் பிறகு ஜூன் மாதம் அந்தக் குழு ஊரிலேயே இனநல்லிணக்கத்துக்காக ஒரு கச்சேரி நடத்தியது. பேராலயத்தின் வீட்டுப்பிள்ளை, பேராலயம் பேசாத ஒன்றைத் தெருவில் நின்று பாடினார் என்று சொல்லத் தோன்றுகிறது. பேராலயத்துக்கு அது கொஞ்சம் அநியாயம். அவர் வளர்ந்ததும் அந்தச் சமரசப் பேச்சுக்கு நடுவில்தான். அப்படிப் பார்த்தால் ‘கோஸ்ட் டவுன்’ பாட்டையும் ‘போர் ரெக்வியம்’ வரிசையில் வைக்கலாம். முதலாவது எதிரி நாட்டுக்காக, இரண்டாவது அடுத்த வீட்டுக்காக.

கோவென்ட்ரியைப் பற்றி என் தீர்ப்பு இதுதான். வானத்திலிருந்து வந்த அழிவை எப்படி நினைவில் வைப்பது என்று அந்த ஊர் கண்டுபிடித்தது, ஸ்பென்ஸின் கண்ணாடிச் சுவர் அதற்கு அத்தாட்சி. தன் கையால் செய்ததை நினைவில் வைக்க இன்னும் ஒரு வடிவம் அதற்குக் கிடைக்கவில்லை. புட்சர் ரோவுக்கு ஒரு கல் போதாது, அந்த மாணவருக்கும் ஒரு கல் போதாது. ஆனால் ஹோவர்ட் விட்டுவைத்த அந்தக் காலி இடத்தில் இவையெல்லாம் சேரும். யாரை என்று எழுதாமல் விட்டதால், எல்லோரும் அதற்குள் வரமுடிகிறது: விமானி, ஹாம்பர்க்குக்குப் போனவன், நல்லெண்ணத்தோடு இடித்தவன், கத்தியோடு நின்றவன்.

நீங்கள் போவதாக இருந்தால், ரயில் நிலையத்திலிருந்து நேராகப் பேராலயத்துக்குப் போகாதீர்கள். முதலில் ரிங் ரோட்டின் அடியில் நுழைந்து ஸ்பான் ஸ்ட்ரீட்டைப் பாருங்கள். பிறகு பிரிசிங்ட்டின் கீழ்க்கோடியிலிருந்து ஊசிக்கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே மேலே நடங்கள். வழியில் இடிந்துகொண்டிருப்பதையும் எழும்பிக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள். இடிபாட்டுக்குக் கடைசியில் வாருங்கள். அந்தச் சுவருக்கு முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள். உள்ளே வரக் காசு கிடையாது. மழை வந்தால் ஒதுங்கத்தான் இடமில்லை.